தாத்தாவின் லத்தீன்

மன்னர்களுக்கும் மந்திரிகளுக்கும் ஜீவிய சரித்திரம் எழுத எப்போதும் ஆட்கள் உண்டு. படைத் தலைவர்களுக்கு இன்னும் அதிகம் உண்டு. உபாத்தியாயருக்கு எழுதுவார் அரிது. அவர் முப்பது நாற்பது வருஷ காலம் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார்; மூட்டை மூட்டையாகப் பரீட்சைக் காகிதங்களைத் திருத்துகிறார்; ஒரு நாள் மாணவர்கள் மாலை போட்டு, உபசாரப் பத்திரம் வாசித்து, அவரை வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். அதற்குப் பிறகு அவருடைய உலகம் பென்ஷனும் கோயிலும் பேரக் குழந்தைகளுமாகச் சுருங்கி விடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சுருங்கியதா, விரிந்ததா என்பதை அந்தப் பேரக் குழந்தைகளைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வாரம் அத்தகைய ஓர் உபாத்தியாயரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் தமிழர் அல்லர்; ஆங்கிலேயர். ஆங்கிலேயர்களில் வைஸ்ராய்களையும் கவர்னர்களையும் கலெக்டர் துரைமார்களையும் நமக்கு நன்றாகத் தெரியும். வேண்டிய அளவுக்கு மேலேயே தெரியும். கடல் தாண்டி யாரையும் ஆள வராமல், சொந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டு, இரவில் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த ஆங்கிலேயரை நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவருடைய பெயர் ஜான் ரொனால்டு ருவல் டோல்கீன். ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையில் முப்பத்து நான்கு வருஷ காலம் புரொபஸராக இருந்தவர். “தி ஹாபிட்”, “தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்” என்ற கதைகளை எழுதியவர் என்று சொன்னால் நம் வீட்டு இளைஞர்கள் உடனே தெரிந்துகொள்வார்கள். அந்தக் கதைகளைத் திரைப்படமாகவும் பார்த்திருப்பார்கள். ஆனால் கதாசிரியரின் கீர்த்தியைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. கத்தோலிக்க உபாத்தியாயர், நாலு குழந்தைகளின் தகப்பனார், பேரன் பேத்திகளின் தாத்தா – இந்த மூன்று கோலங்களில் அவரைப் பார்ப்பதே என் நோக்கம். அவருடைய கதைகள் எந்த வீட்டிலிருந்து, எந்தக் கடனைத் தீர்ப்பதற்காகப் பிறந்தன என்பது அப்போதுதான் விளங்கும்.

* * *

டோல்கீன் 1892-ம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் ப்ளூம்பான்டீன் என்ற ஊரில் பிறந்தார். அடுத்த வருஷந்தான் மோகன்தாஸ் காந்தி என்ற இளம் பாரிஸ்டர் அந்தத் தேசத்தில் வந்து இறங்கினார். டோல்கீனின் தகப்பனார் அங்கே ஒரு பாங்கியில் மானேஜர். அவ்வூர் வெயில் குழந்தையின் தேகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே 1895-ல் தாயார் மேபல் தம் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தார். பின்னால் வந்து சேருவதாகச் சொன்ன தகப்பனார் வரவேயில்லை. 1896 பிப்ரவரியில் ஜுரம் கண்டு அங்கேயே காலமானார்.

கையில் அதிகப் பணமில்லை. கைக்குழந்தையை விடச் சற்றே பெரிய பிள்ளைகள் இரண்டு. அந்தத் தாய் பர்மிங்ஹாமுக்கு அருகே சேர்ஹோல் என்ற கிராமத்தில் குடியேறினார். ஆலையும் ஓடையும் மரங்களும் உள்ள கிராமம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வசதியில்லாததால் தாமே பிள்ளைகளுக்கு ஆசிரியையானார். எழுத்தும், சித்திரமும், செடி கொடிகளின் பெயர்களும், அவற்றோடு லத்தீனும் சொல்லிக் கொடுத்தார். மூத்த பையனுக்கு லத்தீன் மிகவும் பிடித்துப் போயிற்று. சொல்லின் அர்த்தத்தைப் போலவே அதன் ஓசையிலும் உருவத்திலும் அவன் லயித்தான். பிற்காலத்தில் பாஷைகளையே தம் வாழ்வாகக் கொண்ட அறிஞருக்கு முதல் குரு அவருடைய அம்மாதான். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1900-ம் வருஷம் மேபல் அம்மையார் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இது நமக்குச் சாதாரணச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் புரோட்டெஸ்டண்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கத்தோலிக்க மதத்தைத் தழுவுவது சொந்தபந்தங்களை இழக்கும் காரியம். பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் கோபித்துக்கொண்டார்கள். அதுவரை கிடைத்து வந்த பண உதவியும் நின்றது. விதவையான ஒரு பெண்ணுக்கு அந்த உதவி எவ்வளவு பெரியது என்பதை நம் குடும்பங்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் மனம் தளரவில்லை. வாடகை குறைந்த வீடுகளுக்கு மாறி மாறிப் போனார். நீரிழிவு நோய் கண்டது. அந்நோய்க்கு இன்ஸுலின் என்னும் மருந்து கையாளப்பட்டது 1922-ல். மேபல் அம்மையார் 1904 நவம்பரில், தம் முப்பத்து நான்காவது வயதில் கண்ணை மூடினார். மூத்த பிள்ளைக்கு அப்போது வயது பன்னிரண்டு.

தம் தாயார் வேதத்துக்காக உயிர் நீத்த சாட்சி என்று டோல்கீன் கடைசி வரை நம்பினார். தமக்கும் தம் தம்பிக்கும் விசுவாசத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதற்காகவே அவர் உழைத்து ஓய்ந்து மாண்டார் என்று பிள்ளைகளுக்கு எழுதினார். தாயார் விட்டுச் சென்ற சொத்து இரண்டே இரண்டு: பிரார்த்தனையும் பாஷையும். நிலமோ வீடோ இருந்திருந்தால் செலவழிந்து போயிருக்கும். இவை இரண்டும் செலவழியவில்லை.

அநாதைகளான பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக இருந்தவர் பர்மிங்ஹாம் மடத்தைச் சேர்ந்த பிரான்ஸிஸ் மார்கன் சுவாமியார். மேபல் அம்மையாரின் சொற்பச் சேமிப்பு போதாத இடத்தில் யாரும் அறியாமல் தம் சொந்தப் பணத்தைப் போட்டு வளர்த்தார். அன்பையும் மன்னிக்கும் குணத்தையும் தாம் முதன் முதலில் அந்தச் சுவாமியாரிடமே கற்றதாக டோல்கீன் சொல்வதுண்டு. சுவாமியார் கண்டிப்பிலும் குறைந்தவர் அல்லர். பையன் தன்னைவிட மூன்று வயது மூத்தவளான எடித் என்னும் பெண்ணிடம் மனம் வைத்து, படிப்பைக் கோட்டை விடப் பார்க்கிறான் என்று அறிந்ததும், இருபத்தோரு வயது நிறையும் வரை அவளுக்குக் கடிதமும் எழுதக் கூடாது என்று உத்தரவு போட்டார். பையன் கீழ்ப்படிந்தான். 1913 ஜனவரி 3-ந் தேதி இருபத்தொன்று நிறைந்தது. அன்றே எடித்துக்குக் கடிதம் எழுதினான். இதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறொருவரோடு நிச்சயம் ஆகியிருந்தது! டோல்கீன் ரெயிலேறிப் போய் நேரில் பேசினார். நிச்சயம் கலைந்தது. 1916 மார்ச்சில் விவாகம் நடந்தது.

அந்த வருஷமே அவர் பிரான்ஸில் ஸோம் நதிக்கரைப் போர்க்களத்துக்குப் போனார். பள்ளிக்கூடத் தோழர்கள் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டார்கள். அகழியில் பிடித்த ஜுரம் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒருவேளை உயிரையும் காப்பாற்றியது. 1918-க்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் நீங்கலாக எல்லோரும் இறந்து விட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். யுத்தத்தைப் பற்றி வீரம் பேசாத மனிதராக அவர் திரும்பி வந்ததில் ஆச்சரியமில்லை.

* * *

இனி அவருடைய உத்தியோகத்தைப் பார்ப்போம். முதலில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுக்கும் இடத்தில் சிறிது காலம் சொற்களோடு மல்லாடினார். 1920-ல் லீட்ஸ் ஸர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1925-ல் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலத்துக்குப் புரொபஸரானார். 1959-ல் ஓய்வு பெறும் வரை அந்த ஸர்வகலாசாலையை விட்டு வேறெங்கும் போகவில்லை.

வகுப்பில் அவர் பேச்சு வேகமானது. பல சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். குறிப்பெழுத வந்த மாணவர்கள் தவித்தார்கள். ஆனால் “பேவுல்ஃப்” என்னும் பழைய காவியத்தைப் பாடம் சொல்லத் தொடங்கும்போது அறைக்குள் நுழைந்ததும் அதன் தொடக்க அடிகளைக் கம்பீரமான குரலில் முழங்குவார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பாணன் ஒருவன் சபை நடுவே வந்து நிற்பது போல் இருக்குமாம். அந்தக் காவியத்தைப் பண்டிதர்கள் சரித்திரக் குறிப்புத் தோண்டும் சுரங்கமாக மட்டுமே உபயோகித்து வந்தார்கள். அதை முதலில் கவிதையாகப் படியுங்கள் என்று 1936-ல் அவர் செய்த பிரசங்கம் பிரஸித்தமானது. புறநானூற்றைச் சேர மன்னர்களின் வமிசாவளி தேடுவதற்காக மட்டும் புரட்டுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களும் அதைக் கேட்டிருக்கலாம்.

நாலு குழந்தைகள். ஜான், மைக்கேல், கிறிஸ்டோபர் என்று மூன்று பிள்ளைகள். பிரிஸில்லா என்று ஒரு பெண். புரொபஸர் என்றால் பணக்காரர் என்று எண்ணி விடக் கூடாது. வைத்தியர் செலவும் பள்ளிக்கூடச் சம்பளமும் வருமானத்தை விழுங்கின. ஆகவே கோடை விடுமுறையில் மற்றவர்கள் கடற்கரைக்குப் போகும்போது டோல்கீன் பள்ளி மாணவர்களின் பரீட்சைக் காகிதங்களைத் திருத்திக் கூலி வாங்கினார். உபாத்தியாயர் குடும்பத்தில் பிறந்த வாசகர்களுக்கு அந்தக் காட்சி கண் முன் நிற்கும்: மேஜை மேல் காகிதக் குன்று, கையில் பென்ஸில், சுவரில் கடிகாரம்.

அப்படித் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள், யாரோ ஒரு மாணவன் ஒரு பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தான். திருத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறென்ன? டோல்கீன் அந்த வெற்றுப் பக்கத்தில், பூமிக்குள் ஒரு வளையில் ஹாபிட் ஒன்று வசித்தது என்ற கருத்துள்ள ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தார். ஹாபிட் என்றால் என்னவென்று அவருக்கே அப்போது தெரியாது. தெரிந்துகொள்வதற்காகக் கதையை வளர்த்தார்; வளர்ந்ததைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார். 1937-ல் அது புத்தகமாக வெளிவந்தது. பதிப்பாளர் அதை அச்சிடலாமா என்று தம் பத்து வயது மகனிடம் கொடுத்துக் கேட்டார். சிறுவன் ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டு, நன்றாயிருக்கிறது என்று தீர்ப்பளித்தான். பரீட்சைக் காகிதம் திருத்துபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உலக இலக்கியம் பட்டிருக்கும் கடன் இது.

ஆனால் அச்சுக்கு வருவதற்காக அவர் கதை சொல்லவில்லை. 1925-ல் பைலி என்ற கடற்கரை ஊரில் ஐந்து வயதுகூட நிறையாத மைக்கேல் தன் சின்ன ஈய நாய்ப் பொம்மையை மணலில் தொலைத்து விட்டு அழுதான். எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. அந்த நாய் உண்மையில் மந்திரவாதி ஒருவனால் பொம்மையாக்கப்பட்ட நாய் என்றும், அது சந்திர மண்டலத்துக்கும் சமுத்திரத்தின் அடிக்கும் யாத்திரை போயிருக்கிறது என்றும் தகப்பனார் கதை கட்டினார். பிள்ளையின் துக்கம் தணிந்தது. அந்தக் கதை “ரோவராண்டம்” என்ற பெயரில் அச்சானது 1998-ல். அவர் காலமாகி இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு!

கிறிஸ்துமஸ் கடிதங்கள் இன்னும் விசேஷமானவை. 1920-ல் மூத்த பிள்ளைக்கு மூன்று வயது ஆகியிருந்தபோது, வட துருவத்திலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா எழுதியது போல் ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது. குளிரில் நடுங்கிய கை எழுதியது போன்ற கோணல் எழுத்து, கையால் வரைந்த தபால் தலை, வர்ணச் சித்திரங்கள். தாத்தாவுக்கு உதவியாக ஒரு பனிக் கரடி. உதவுவதை விட அது உடைப்பதுதான் அதிகம். அன்று முதல் இருபத்து மூன்று வருஷம், 1943 வரை, கடிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒரு பிள்ளை பெரியவனானால் அடுத்த பிள்ளைக்கு வரும். வகுப்புக்களும் பரீட்சைகளும் கடன்களும் யுத்தமும் நடுவே வந்து போயின; கடிதம் நின்றதில்லை. கடைக்குட்டி பிரிஸில்லாவுக்கு வந்த கடைசிக் கடிதத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா விடை பெற்றுக்கொள்கிறார். பழைய நண்பர்களைத் தாம் மறப்பதில்லை என்றும், அவர்கள் வளர்ந்து சொந்த வீடும் குழந்தைகளும் பெறும்போது மறுபடியும் வரலாம் என்ற நம்பிக்கை உண்டு என்றும் அதில் சொல்லுகிறார். பேரக் குழந்தைகளைத் தாத்தா எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

* * *

தேச பக்தி என்ற விஷயத்தில் இந்தக் கத்தோலிக்க உபாத்தியாயரின் போக்கை நம் வாசகர்கள் அறிந்தால் மகிழ்ச்சி அடைவார்கள்.

1938-ல் ஜெர்மனியிலுள்ள ஒரு பதிப்பகத்தார் “ஹாபிட்” கதையை மொழிபெயர்க்க விரும்பினார்கள். அப்போது ஹிட்லருடைய ஆட்சி. நீங்கள் ஆரிய வமிசத்தவர்தானா என்று ஆசிரியரைக் கேட்டு எழுதினார்கள். டோல்கீனுக்குக் கோபம் வந்தது. அவர் வரைந்த பதிலின் சாரம் இது: ஆரியர் என்றால் இந்தியாவையும் ஈரானையும் சேர்ந்த பாஷைக் கூட்டத்தார் என்றே தமக்குத் தெரியும், தம் முன்னோர் எவரும் ஹிந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதில்லை, யூதரா என்று கேட்பதுதான் நோக்கமானால், அந்தத் திறமை வாய்ந்த இனத்தாரில் தமக்கு மூதாதையர் இல்லையே என்று வருந்துவதாகச் சொல்ல வேண்டியதுதான். பாஷை நூல் கற்றவர் கையில் ஒரு சொல்லின் சரியான பொருளே நல்ல ஆயுதமாயிற்று.

தாம் நேசிப்பது இங்கிலாந்து என்னும் நாட்டையே அன்றி, பிரிட்டிஷ் காமன்வெல்த்தை அன்று என்று 1943-ல் தம் மகனுக்கு எழுதினார். கீழ்த்திசையில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் நடத்தும் சாம்ராஜ்யத்தைப் பற்றித் தமக்கு வருத்தமும் அருவருப்புமே உண்டு என்று 1945-ல் எழுதினார். வேல்ஸ் நாட்டு பாஷையில் அவருக்கு அளவற்ற பிரேமை; உலகமெல்லாம் ஒரே ஆங்கிலம் பரவுவதைக் கண்டு அவர் பெருமைப்படவில்லை, கவலைப்பட்டார். 1959-ல் ஆக்ஸ்போர்டில் விடை பெறும் பிரசங்கத்தில், தென் ஆப்பிரிக்காவில் பிறந்த தமக்கு நிறப் பிரிவினை மீதுள்ள வெறுப்பு எலும்பிலேயே ஊறியது என்றார்.

தம் ஊர் ஓடையையும் மரத்தையும் உண்மையாக நேசிக்கிறவன் பிறர் ஊரைப் பறிக்க மாட்டான். நம் தலைவர்கள் நமக்குச் சொன்ன தேச பக்தியும் இதுதான் அல்லவா? பிற்காலத்தில், 1972-ல், அரசி அவருக்கு ஒரு விருது அளித்தார். அதன் பெயரில் “பிரிட்டிஷ் சாம்ராஜ்யம்” என்ற சொல் இருந்தது. சாம்ராஜ்யம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த காலமாகையால் அவர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

* * *

“தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்” 1937-ல் தொடங்கி 1949-ல் முடிந்தது. 1954, 1955-ம் வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. யுத்த காலத்தில் மகன் கிறிஸ்டோபர் விமானப் படையில் சேர்ந்து தென் ஆப்பிரிக்காவில் இருந்தபோது, எழுதிய அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பி வைப்பார். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை, கதைக்காகக் காத்திருந்தான். பெரிய நாவலையும் அவர் குழந்தைக்குக் கதை சொல்லும் தகப்பனாகவே எழுதினார்.

ஓய்வு பெற்றபோது வயது அறுபத்தேழு. பென்ஷன் போதுமா என்ற கவலை எல்லா உபாத்தியாயர்களையும் போலவே அவருக்கும் இருந்தது. புத்தக வருமானம் அந்தக் கவலையைத் தீர்த்தது. ஆனால் வேறு தொல்லை வந்தது. அமெரிக்காவிலிருந்து நடு இரவில் டெலிபோன் மணி அடிக்கும். வாசலில் முன் பின் தெரியாதவர்கள் வந்து நிற்பார்கள். 1968-ல் மனைவியின் சௌகரியத்துக்காக ஆக்ஸ்போர்டையும் நண்பர்களையும் விட்டு, போர்ன்மத் என்ற கடற்கரை நகரின் பக்கம் குடி போனார். அவருக்கு அங்கே பேச்சுத் துணை இல்லை. எடித் அம்மையாருக்கு இருந்தது. அத்தனை வருஷமாகத் தம் உத்தியோகத்துக்காக அம்மாள் ஆக்ஸ்போர்டில் தனிமையைச் சகித்தாரல்லவா, இப்போது தம் முறை என்று கருதினார்.

பேரக் குழந்தைகளுக்கு அவர் நல்ல தாத்தாவாக இருந்தார். பேத்தி ஒருத்தியை மகிழ்விப்பதற்காக 1956-ல் பூனையைப் பற்றி ஒரு சிறு செய்யுள் எழுதினார். பிறகு 1962-ல் வந்த செய்யுள் தொகுதியில் அதுவும் சேர்ந்தது. மூத்த பேரன் ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கியதும் அவனுக்குப் பாடங்களைப் பற்றி நீண்ட கடிதங்கள் எழுதினார். சிறு பிள்ளைக்கும் பெரியவர்களுக்கு எழுதுவது போலவே மரியாதையாக, காரணம் சொல்லி எழுதுவது அவர் சுபாவம். மகன் மைக்கேலும் உபாத்தியாயரே. தொழிலில் சலிப்புற்றிருந்த அவருக்கு 1963-ல் எழுதிய கடிதத்தில், புகழை நாடாமல் கல்விக்காகவே கல்வியில் ஈடுபடுவது மிக உயர்ந்த அழைப்பு என்றும், உயர்ந்ததாகையால் பணத்தாசையும் கர்வமும் களைப்பும் அதை எளிதில் தாழ்த்தி விடுகின்றன என்றும் விளக்கினார். எல்லா உபாத்தியாயர்களும் ஒரு முறையேனும் படிக்க வேண்டிய கடிதம் அது.

இன்னொரு பேரர் ஸைமன், 1959-ல் பிறந்தவர். இன்று அவரும் நாவலாசிரியர். தாத்தா தம்மோடு சலிக்காமல் சொல் விளையாட்டு ஆடியதை அவர் சொல்லியிருக்கிறார். அதோடு மற்றொரு சம்பவத்தையும் சொல்லியிருக்கிறார். அதுவே இந்த வாரக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தது.

1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் நடந்த இரண்டாவது வாடிகன் மகாசபைக்குப் பிறகு, கத்தோலிக்கப் பூசை லத்தீனிலிருந்து அந்தந்த நாட்டு மொழிக்கு மாறியது. தமிழ்நாட்டில் தமிழாயிற்று; இங்கிலாந்தில் ஆங்கிலமாயிற்று. அந்தப் புதிதில் ஸைமன் தாத்தாவுடன் போர்ன்மத் மாதா கோயிலுக்குப் போனான். குருவானவர் ஆங்கிலத்தில் ஜபித்தார். சபையார் ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னார்கள். தாத்தா மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க லத்தீனிலேயே மறுமொழி சொன்னார்! பக்கத்திலிருந்த பையனுக்கு அவமானமாய்ப் போயிற்று. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. தாத்தாவோ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தமக்குச் சரியென்று பட்டதைச் செய்து முடித்து விட்டு வெளியே வந்தார்.

இந்த விஷயத்தில் டோல்கீன் பக்கம் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கடவுளை அவரவர் தாய்மொழியில் அழைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். தமிழ்க் கத்தோலிக்கர் தமிழில் பூசை காண்பதில் நமக்கு மகிழ்ச்சியே. பாஷைகளை அவ்வளவு நேசித்த ஒருவர் சொந்த மொழியில் ஜபிக்க மறுத்தது விசித்திரந்தான்.

ஆனால் சேர்ஹோல் கிராமத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த லத்தீனை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருடைய குரலில் அதை அவர் முதலில் கேட்டார்? அந்தப் பூசைக்காகவே உற்றார் உறவினரை இழந்து, முப்பத்து நான்கு வயதில் மாண்டவர் யார்? மற்றவர்களுக்கு அது ரோமாபுரியின் பாஷை. அவருக்கு அது அம்மா கொடுத்த சொத்து. எழுபது வயதுக்கு மேலான கிழவர் கோயிலில் நின்று உரக்கச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பன்னிரண்டு வயதுப் பையன் தாய்க்குச் செலுத்திய நன்றி. திருச்சபையோடு கோபித்துக்கொண்டு அவர் விலகவும் இல்லை. புதிய முறையில் நடந்த பூசைக்கே போனார். பழைய சொற்களோடு போனார்.

பக்கத்தில் நின்று வெட்கப்பட்ட பேரனும் வளர்ந்த பிறகு இதையே புரிந்துகொண்டார். தாத்தாவின் விசுவாசம் அவருடைய தாயிடமிருந்து வந்தது, அந்தத் தாய் அதற்காகப் பட்ட பாடு இன்னது என்று அந்தச் சம்பவத்தோடு சேர்த்தே அவர் சொல்லுகிறார். பேரன் அன்று பட்ட வெட்கம் வீண் போகவில்லை. தாத்தா நல்லொழுக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் போதித்திருந்தால் பையன் மறந்திருப்பான். உரக்கச் சொன்ன லத்தீனை மறக்கவில்லை.

* * *

எடித் அம்மையார் 1971 நவம்பர் 29-ந் தேதி காலமானார். இளமையில் ஒரு நாள் சோலையில் எடித் தமக்காக நடனமாடியதைக் கண்டு, டோல்கீன் பேரன் என்ற வீரனும் லூதியன் என்ற தேவ மங்கையும் காதலித்த கதையைப் புனைந்திருந்தார். அம்மாளின் கல்லறையில் “லூதியன்” என்ற பெயரையும் பொறிக்கச் செய்தார். பிறகு ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். பழைய கல்லூரி அவருக்கு இருக்க அறை கொடுத்தது. 1973 செப்டம்பர் 2-ந் தேதி, தம் எண்பத்தோராவது வயதில், போர்ன்மத்தில் உயிர் நீத்தார். அவருக்காக நடந்த மரித்தோர் பூசையை நடத்தியவர் அவருடைய மூத்த பிள்ளை ஜான். 1920-ல் முதல் கிறிஸ்துமஸ் கடிதத்தைப் பெற்ற அதே பிள்ளை, கத்தோலிக்கக் குருவாகித் தகப்பனாருக்கு இறுதி ஜபம் சொன்னார். மேபல் அம்மையார் பட்ட கடனுக்கு அதைவிடப் பெரிய வசூல் வேறென்ன இருக்க முடியும்? மனைவியின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்து, “பேரன்” என்ற அந்த வீரனின் பெயரையும் கல்லில் சேர்த்தார்கள்.

கிறிஸ்துமஸ் கடிதங்களை மருமகள் தொகுத்து 1976-ல் புத்தகமாக்கினார். நாலு குழந்தைகளுக்காக ஒரு தகப்பன் எழுதியவை இன்று எத்தனையோ வீடுகளில் படிக்கப்படுகின்றன.

நம் வீடுகளிலும் ஓய்வு பெற்ற தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஒருவர் விடியற்காலையில் திருவாசகம் சொல்லுவார். ஒருவர் ஜபமாலை உருட்டுவார். ஒருவர் குர்ஆன் ஓதுவார். பக்கத்தில் படுத்திருக்கும் பேரனுக்குத் தூக்கம் கலைகிறதே என்று எரிச்சல் வருகிறது. நண்பர்கள் வந்திருக்கும்போது தாத்தா உரக்கச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படட்டும், பாதகமில்லை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்த வேண்டாம். பேரன் இன்று காதைப் பொத்திக்கொண்டாலும் நாளைக்கு ஒரு நாள் வந்து, “தாத்தா, அதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்பான். அன்றைக்குச் சொல்லத் தாத்தாவிடம் கதை இருக்க வேண்டும். கேட்கப் பேரனுக்குப் பொறுமை இருக்க வேண்டும். கைப்பேசியைச் சற்று நேரம் மேஜை மேல் வைத்து விட்டு, அவன் அந்தக் கேள்வியை இன்றைக்கே கேட்டால் இன்னும் நல்லது. தாத்தாக்கள் நெடுநாள் காத்திருக்க முடியாதல்லவா?